எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ (மின்ட், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகை), எந்த டெஸ்க்டாப்? விண்டோஸ் 10ல இருந்து வர்றேன், வழி சொல்லுங்க

புதுத்தடம்:
எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, என்கிட்ட இருக்கறது ஏழாவது ஜெனரேஷன் ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 14 இன்ச் ஃபுல் எச்டி ஸ்கிரீன், இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும்தான். விண்டோஸ் 11 இந்த ப்ராசஸருக்கு கிடையாதுன்னு செட்டிங்ஸ்லயே காட்டுது. மெஷின் நல்லா ஓடிட்டு இருக்கு, அதைத் தூக்கிப் போட மனசு வரல, அதான் லினக்ஸுக்கு வரலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

வேலைன்னு பாத்தா பிரவுசர், லிப்ரே ஆபீஸ், கொஞ்சம் பைத்தான், வீடியோ பாக்கறது. கேம் கிடையாது. எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். ஒண்ணு, அப்டேட் போட்டா உடையக் கூடாது. ரெண்டு, டெஸ்க்டாப்பை என் வசதிக்கு மாத்திக்கணும், பேனல் இடது ஓரமா நிக்கணும், டார்க் தீம் வேணும், மவுஸைத் தொடாம முக்கால்வாசி வேலை நடக்கணும். ஒரு வாரமா தேடிப் பாத்துட்டேன், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதை வச்சு முடிவு பண்றதுன்னே புரியல.

மின்ட்இலை:
லினக்ஸ் மின்ட் சின்னமன் போடுங்க. மின்ட் 22 உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் வரும். டைம்ஷிஃப்ட்ங்கற பேக்கப் டூல் கூடவே வரும், அப்டேட்டுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டம் இருக்கற நிலையோட பதிவு) எடுத்து வச்சுட்டா எது போனாலும் திரும்பி வந்துடலாம். சின்னமன்ல பேனலை இடது பக்கம் நிமிர்த்தி வைக்கலாம், ஆப்லெட், தீம் எல்லாமே சிஸ்டம் செட்டிங்ஸ்ல இருந்தே இறக்கிக்கலாம். விண்டோஸ்ல இருந்து வர்றவங்களுக்கு இதைவிட வேற என்ன வேணும்.

கர்னல்கதிர்:
மின்ட் நல்ல பதில்தான், ஆனா கேட்டவருக்கு எதை வச்சு முடிவு பண்றதுங்கறதுதான் புரியல, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

நண்பா, நீங்க ஒரே கேள்வியா கேட்டதுல ரெண்டு கேள்வி இருக்கு. கண்ணுக்குத் தெரியற பேனல், மெனு, விண்டோ, ஷார்ட்கட் எல்லாம் டெஸ்க்டாப் என்விரான்மென்டோட வேலை. க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, எல்எக்ஸ்க்யூடி இதெல்லாம் அந்த வகை. டிஸ்ட்ரோங்கறது அதுக்கு அடியில இருக்கறது, அது உங்களுக்கு மூணு விஷயத்தை முடிவு பண்ணிக் கொடுக்குது: எந்த பேக்கேஜ் மேனேஜர் (சாஃப்ட்வேரை இறக்கிப் போடற டூல்), புது வெர்ஷன் எவ்வளவு சீக்கிரம் வரும், வந்தது எத்தனை வருஷம் தாங்கும். இதுல ரெண்டாவதும் மூணாவதும்தான் உங்களோட 'உடையக் கூடாது'ங்கற கேள்விக்கு பதில்.

டெபியன் ஸ்டேபிள் ஏறக்குறைய ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரும், நடுவுல செக்யூரிட்டி ஃபிக்ஸும் பெரிய பக் ஃபிக்ஸும் மட்டும்தான் வரும், சாஃப்ட்வேர் வெர்ஷன் அப்படியே நிக்கும். உபுண்டு எல்டிஎஸ்ஸும் (நீண்ட கால சப்போர்ட் வெர்ஷன்) ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, அஞ்சு வருஷம் சப்போர்ட். ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 13 மாசம்தான் தாங்கும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெரிய அப்கிரேட் போட்டே ஆகணும். ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் ரெண்டும் ரோலிங், வெர்ஷன்னு ஒண்ணே கிடையாது, தினமும் எதாவது வந்துக்கிட்டே இருக்கும்.

ரோலிங்னாலே உடையும்னு நான் சொல்லல. டம்பிள்வீட்ல ஒவ்வொரு புது வெளியீட்டையும் ஓப்பன்க்யூஏன்னு ஒரு ஆட்டோமேட்டிக் டெஸ்ட்ல ஓட்டிப் பாத்துட்டுதான் வெளிய விடறாங்க, பிடிஆர்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம் மேல ஸ்னாப்ஷாட் எடுக்கற ஸ்னாப்பர் இருக்கறதால பூட் மெனுல இருந்தே பழைய நிலைக்கு போயிடலாம். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, நீங்க டெஸ்க்டாப்பை கைவேலையா மாத்தப் போறீங்க. அடியில டெஸ்க்டாப் வெர்ஷன் மாறிக்கிட்டே இருந்தா நீங்க செஞ்ச மாற்றம் ஒவ்வொண்ணும் புது வெர்ஷன்ல வேலை செய்யுதான்னு திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருக்கணும். நிறைய கஸ்டமைஸ் பண்றவங்களுக்கு மெதுவா நகர்ற டிஸ்ட்ரோதான் ஒத்து வரும்னு நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் அதுதான், இந்தக் கோணத்தை யாரும் வீடியோல சொல்றதில்ல.

அதனால வரிசையைத் திருப்பிப் போடுங்க. முதல்ல டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்க, அப்புறம் அந்த டெஸ்க்டாப்போட நல்ல வெர்ஷன் எந்த மெதுவான டிஸ்ட்ரோல இருக்குன்னு பாருங்க.

ஆர்ச்வாசி:
நான் வேற பக்கம் பேசறேன். கீபோர்டாலயே வேலை நடக்கணும்னு சொல்றீங்க, அப்போ டைலிங் விண்டோ மேனேஜர்தான் உங்களுக்கு. ஆர்ச் போட்டு ஹைப்பர்லேண்ட் இல்லன்னா ஸ்வே போடுங்க. ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதுல ஒவ்வொரு கீக்கும் என்ன வேலைன்னு நீங்களே எழுதறீங்க, விண்டோ திறந்தா தானா பக்கத்துல பக்கத்துல அடுக்கி நிக்கும், மவுஸ் தேவையே இல்ல. 8 ஜிபி ராம் தாராளம். ஆர்ச்இன்ஸ்டால் வந்ததுக்கு அப்புறம் இன்ஸ்டாலேஷன் பயமும் போயிடுச்சு, மெனுல கேக்கற கேள்விக்கு பதில் சொன்னா போதும். ஆர்ச் விக்கி மாதிரி டாக்குமென்டேஷன் வேற எங்கயும் கிடையாது, மத்த டிஸ்ட்ரோக்காரங்களும் அதைத்தான் படிக்கறாங்க.

உங்க சிஸ்டத்துல என்ன இருக்கு, ஏன் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், அந்த நிம்மதி தனி.

டெபியன்வேர்:
> ஆர்ச் போட்டு ஹைப்பர்லேண்ட் இல்லன்னா ஸ்வே போடுங்க

தம்பி சொல்றது அவர் அளவுல சரி, விக்கி விஷயத்துல நானும் அவர் கட்சிதான். ஆனா இவர் முதல் நாள் வர்றவர். ஹைப்பர்லேண்ட்ல வெறும் விண்டோ மட்டும்தான் வரும், பேனல் தனி, நோட்டிஃபிகேஷன் தனி, ஸ்கிரீன் லாக் தனி, வால்பேப்பர் தனி, வைஃபை ஐகான் தனி, ஒவ்வொண்ணையும் தேடிப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் கான்ஃபிக் எழுதணும். லேப்டாப்ல லிட் மூடினா லாக் ஆகி சஸ்பெண்ட் ஆகறதுகூட நாமளே கோத்து வைக்க வேண்டிய விஷயம். ஸ்வே கொஞ்சம் அமைதியானது, ஐ3ங்கற பழைய டைலிங் விண்டோ மேனேஜரோட கான்ஃபிக்கே அதுல ஓடும், ஆனாலும் முதல் மாசம் வேலையை விட கான்ஃபிக் எழுதறதுதான் அதிகமா இருக்கும்.

ஆர்ச்ல அப்டேட்டுக்கு முன்னாடி அவங்க நியூஸ் பேஜைப் பாக்கணும், பாதி பேக்கேஜை மட்டும் அப்டேட் பண்றது அங்க சப்போர்ட்டே கிடையாது. ஏயூஆர்ங்கறது ஆர்ச்சுக்கு யார் வேணா பேக்கேஜ் ஏத்தற இடம், 2025 ஜூலைல பிரவுசர் பேக்கேஜ் பேர்ல மால்வேர் ஏத்தியிருந்ததைக் கண்டுபிடிச்சு நீக்கினாங்க. பேக்கேஜ் என்ன செய்யும்னு எழுதியிருக்கற பேக்கேஜ்பில்டு ஃபைலைத் திறந்து படிச்சுட்டு போடறவங்களுக்கு அது நல்ல இடம், படிக்கத் தெரியற வரைக்கும் தள்ளி இருக்கறது நல்லது.

ஆர்ச்வாசி:
ஏயூஆர் பத்தி சொன்னது நியாயம், நானும் எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன், படிக்காம போடாதீங்கன்னு. ஆனா மெதுவான டிஸ்ட்ரோல ஒரு பக் இருந்தா ரெண்டு வருஷம் அந்த பக்கோடயே இருக்கணும், அதையும் சொல்லுங்க. சாஃப்ட்வேர் எழுதினவங்க சரி பண்ணி வெளியிட்டுட்டாங்க, நமக்கு மட்டும் வராதுங்கறது சில நேரம் ரொம்ப கஷ்டம்.

டெபியன்வேர்:
உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். பிரவுசர், எடிட்டர் மாதிரி அப்ளிகேஷன்களுக்கு ஃபிளாட்பேக் (எந்த டிஸ்ட்ரோலயும் ஓடற பேக்கேஜ் முறை) வந்ததால பாதி குறை தீந்துடுச்சு. டெஸ்க்டாப்பே பழசா நிக்கறது மட்டும்தான் மிச்சம்.

பிளாஸ்மாபிரியை:
இடது பேனல், டார்க் தீம், கீபோர்டு, இந்த மூணையும் கேட்டா நான் யோசிக்காம பிளாஸ்மான்னுதான் சொல்வேன். எப்படி செய்யறதுன்னே எழுதிடறேன், இதைப் படிச்சுட்டு உங்களுக்கு ஒத்து வருமான்னு பாருங்க.

டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி எடிட் மோட் போங்க. பேனலை கிளிக் பண்ணா பொசிஷன் வரும், இடதுன்னு கொடுங்க. அகலம் 44ல இருந்து 48 பிக்சல் வைங்க, அதுக்கு மேல போனா 14 இன்ச்ல இடத்தைத் தின்னும். ஃப்ளோட்டிங்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை அணைச்சுடுங்க, இல்லன்னா ஓரத்துல சும்மா இடைவெளி விட்டு நிக்கும். முக்கியமா, பேர் எழுதிக் காட்டற டாஸ்க் மேனேஜர் நிமிர்ந்த பேனலுக்கு ஆகாது, அதை எடுத்துட்டு ஐகான் மட்டும் இருக்கற டாஸ்க் மேனேஜரைப் போடுங்க. கடிகாரத்துல தேதியை எடுத்துடுங்க, அந்த அகலத்துல தேதியும் சேந்தா எழுத்து எறும்பு சைஸுக்கு போயிடும்.

இப்ப கீபோர்டு. பின் பண்ணி வச்ச ஐகான் மேல இருந்து கீழ 1, 2, 3ன்னு எண்ணிக்கோங்க, மெட்டா கீயோட (விண்டோஸ் லோகோ இருக்கற கீ) அந்த நம்பரை அழுத்தினா அந்த அப்ளிகேஷன் திறக்கும், ஏற்கனவே திறந்திருந்தா முன்னாடி வரும். ஆல்ட் ஸ்பேஸ் அடிச்சா கேரன்னர் வரும், அதுல அப்ளிகேஷன் பேர், ஃபைல் பேர், சின்ன கணக்கு எதை வேணா டைப் பண்ணலாம். மெட்டாவோட T அடிச்சா டைல் எடிட்டர், ஸ்கிரீனை நீங்களே கட்டம் பிரிச்சு வச்சுட்டு ஷிஃப்டை அழுத்திக்கிட்டு விண்டோவை இழுத்தா அந்தக் கட்டத்துல போய் உக்காந்துக்கும், இது 5.27லயே வந்துடுச்சு.

எனக்கு இதுல உயிரா இருக்கறது விண்டோ ரூல்தான், இதுக்காகவே நான் வேற டெஸ்க்டாப்புக்கு போகல. ஒரு விண்டோவோட டைட்டில் பார்ல ரைட் கிளிக், மோர் ஆக்‌ஷன்ஸ், அதுல ஸ்பெஷல் விண்டோ செட்டிங்ஸ். ஒரு பட்டனை அழுத்தி ப்ராப்பர்ட்டி சேத்துக்கணும். பைத்தான் எடிட்டர் எப்பவுமே ரெண்டாவது விர்ச்சுவல் டெஸ்க்டாப்ல திறக்கணும், வீடியோ ப்ளேயர் எப்பவும் எல்லாத்துக்கும் மேல மூலைல இந்த சைஸ்ல நிக்கணும், டெர்மினலுக்கு டைட்டில் பாரே வேண்டாம், இப்படி ஒவ்வொண்ணுக்கும் ரூல் எழுதி வச்சுடலாம். 'ஃபோர்ஸ்'னு கொடுத்தா நீங்களே நினைச்சாலும் அதை மாத்த முடியாது, 'அப்ளை இனிஷியலி'ன்னு கொடுத்தா திறக்கும்போது மட்டும் ரூல் படி வரும், அப்புறம் உங்க இஷ்டம். பெரும்பாலும் ரெண்டாவதுதான் நல்லது.

ஒரு எச்சரிக்கை. 'கெட் நியூ'ன்னு ஒரு பட்டன் எல்லா இடத்துலயும் இருக்கும், அதுல வர்றதெல்லாம் யார் யாரோ ஏத்தினது. 2024 மார்ச்ல ஒரு குளோபல் தீமைப் போட்ட யூசரோட ஃபைல் எல்லாம் அழிஞ்சு போச்சு, கேடிஇ டீமே வெளிப்படையா எச்சரிக்கை கொடுத்தாங்க. கலர் ஸ்கீம், ஐகான், வால்பேப்பர் படம் இதெல்லாம் வெறும் டேட்டா, தைரியமா போடலாம். குளோபல் தீம், விட்ஜெட் இதுல கோட் ஓடும். டார்க் தீமுக்கு பிளாஸ்மாவோட சொந்த ப்ரீஸ் டார்க்கே அருமையா இருக்கும், அதுல ஆக்சென்ட் கலரை மட்டும் மாத்திப் பாருங்க, வெளியில தேடவே மாட்டீங்க.

சாளரமில்லாச்சுவர்:
க்னோம் பத்தி ஒருத்தரும் பேசல, நான் பேசறேன். கீபோர்டுன்னு கேட்டவருக்கு க்னோமை விட்டுட்டு பேசறது நியாயமே இல்ல. சூப்பர் கீ (அதே விண்டோஸ் லோகோ கீதான்) அழுத்தினா எல்லா விண்டோவும் விரியும், அப்படியே டைப் பண்ணா தேடும், டச்பேட்ல மூணு விரலால தள்ளினா ஒர்க்ஸ்பேஸ் மாறும், லேப்டாப்ல அந்த அனுபவம் வேற எதுலயும் இந்த அளவுக்கு மெருகா இல்ல. உபுண்டுல டாக் இடது பக்கம்தான் நிக்குது, அதுக்கு எதுவும் மாத்தவே வேண்டாம். டார்க் ஸ்டைல் ஒரே ஸ்விட்ச். ஆக்சென்ட் கலர் க்னோம் 47ல வந்துடுச்சு.

கர்னல்கதிர்:
க்னோமை அது வர்ற மாதிரியே வச்சுக்கறவங்களுக்கு நீங்க சொல்றது அத்தனையும் சரி, நானும் பரிந்துரைப்பேன். மாத்தணும்னு நினைக்கறவங்களுக்குதான் சிக்கல். க்னோம்ல பெரிய மாற்றம் எல்லாம் எக்ஸ்டென்ஷன் வழியாத்தான், டேஷ் டு பேனல், ப்ளர் மை ஷெல், ஜஸ்ட் பெர்ஃபெக்‌ஷன் மாதிரி. அதுங்க ஷெல்லோட உள் கோடுக்குள்ளயே போய் மாத்துது, அதுக்குன்னு நிலையான ஏபிஐ (வெளி ப்ரோகிராம் சேர்றதுக்கான வழி) கிடையாது. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு வெர்ஷன் வரும்போது, இந்த வெர்ஷன்ல ஓடும்னு எக்ஸ்டென்ஷன் எழுதினவர் குறிச்சு வைக்கலன்னா அது அணைஞ்சு போயிடும். 2023ல வந்த 45ல ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் முறையையே மாத்தினாங்க, இருந்த எல்லா எக்ஸ்டென்ஷனையும் திருத்தி எழுத வேண்டியதா போச்சு. புது அப்ளிகேஷன் எல்லாம் லிப்அத்வைதாங்கற க்னோமோட சொந்த டிசைன் லைப்ரரி மேல வர்றதால பழைய மாதிரி ஜிடிகே (க்னோம் அப்ளிகேஷன்களோட அடிப்படை டூல்கிட்) தீம் மாத்தினா எல்லா இடத்துலயும் ஒண்ணு போல வராது.

இது க்னோம்காரங்களோட குறைன்னு சொல்ல மாட்டேன், அவங்க யோசிச்சு எடுத்த முடிவு, ஒரே டிசைன் எல்லாருக்கும் சரியா வேலை செய்யணும்னு நினைக்கறாங்க. 2011ல க்னோம் 3 வந்தப்போ பழைய க்னோம் 2 வேணும்னு பிரிஞ்சு போனதுதான் மாட்டே, க்னோம் ஷெல்லையே எடுத்து பழைய மாதிரி மெனு வச்சு மின்ட் டீம் செஞ்சதுதான் சின்னமன். அந்த விவாதம் அப்பவே ஆரம்பிச்சது, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

சாளரமில்லாச்சுவர்:
எக்ஸ்டென்ஷன் ரெண்டு மூணோட நிறுத்திக்கிட்டா அந்தத் தொல்லை வராதுன்னு மட்டும் சொல்லிக்கறேன். அதிகமா அடுக்கினா நீங்க சொல்றதுதான் நடக்கும்.

புதுத்தடம்:
இவ்வளவு விவரமா யாரும் சொல்லித் தரல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விண்டோ ரூல் படிச்சதும் பிளாஸ்மா பக்கம் மனசு போயிடுச்சு. ஆனா சின்னமனையும் ஒரு தடவை பாக்கணும். ஒரே டிஸ்ட்ரோல பிளாஸ்மா, சின்னமன், க்னோம் மூணையும் போட்டு லாகின் ஸ்கிரீன்ல மாத்தி மாத்திப் பாக்கலாமா?

கர்னல்கதிர்:
போடலாம், ஆனா போடாதீங்க. மூணோட ஃபைல் மேனேஜர், டெர்மினல், செட்டிங்ஸ், டெக்ஸ்ட் எடிட்டர் எல்லாம் ஒரே மெனுல வந்து குவியும். எல்லாத்தோட செட்டிங்கும் உங்க ஹோம் ஃபோல்டர்ல ஒரே கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ளதான் போகும், ஜிடிகே தீமையும் கர்சரையும் ஒண்ணு மாத்தினது இன்னொண்ணுல போய் நிக்கும், எது எதை மாத்துச்சுன்னு கண்டுபிடிக்கறதே பெரும்பாடு. நீக்கினாலும் சுத்தமா போகாது.

வென்டாய்னு ஒண்ணு இருக்கு, அதை ஒரு பென்டிரைவ்ல போட்டுட்டா ஐஎஸ்ஓ ஃபைல்களை (டிஸ்ட்ரோவை இறக்கும்போது கிடைக்கற ஃபைல்) சும்மா காப்பி பண்ணி வச்சாலே போதும், பூட் ஆகும்போது எதுன்னு கேக்கும். மின்ட் சின்னமன், ஃபெடோரா கேடிஇ, டெபியன் கேடிஇ லைவ், உபுண்டு நாலையும் அதுல வைங்க, ஹார்டுடிஸ்க்கைத் தொடாம ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பாருங்க. அழகா இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க. வைஃபை பிடிக்குதா, லிட் மூடித் திறந்தா எழுந்திருக்குதா, பிரைட்னஸ் கீ, சவுண்ட் கீ வேலை செய்யுதா, ப்ளூடூத் ஹெட்செட்ல மைக் வருதா, வெளி மானிட்டர் சொருகினா சரியா வருதா, இதையெல்லாம் லைவ்லயே பாத்துடுங்க. இன்டெல் வைஃபைன்னா பெரும்பாலும் பிரச்சனை இல்ல, சில பிராட்காம், ரியல்டெக் சிப்தான் தனி டிரைவர் கேக்கும். லைவ்ல கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், பென்டிரைவ் வேகம் அவ்வளவுதான், அதை வச்சு எடை போடாதீங்க.

ராம் பத்தி யாராவது பயமுறுத்தினா கண்டுக்காதீங்க. எக்ஸ்எஃப்சிஇக்கும் பிளாஸ்மாவுக்கும் வித்தியாசம் சில நூறு எம்பிதான், நாலு டேப் திறந்தா பிரவுசரே அதை விழுங்கிடும். 4 ஜிபி மெஷின்னா எக்ஸ்எஃப்சிஇ பக்கம் போகச் சொல்லியிருப்பேன், 8ல தேவையில்ல.

டெபியன்வேர்:
பிளாஸ்மான்னு முடிவு பண்ணா டெபியன் 13ஐப் பாருங்க. 2025 ஆகஸ்ட்ல வந்தது, பிளாஸ்மா 6.3 இருக்கு, அடுத்த டெபியன் வர்ற வரைக்கும் அதே 6.3தான், நீங்க எழுதற ரூலும் பேனலும் அப்படியே நிக்கும். முழு சப்போர்ட் 2028 வரைக்கும், எல்டிஎஸ் 2030 வரைக்கும். குபுண்டு (பிளாஸ்மாவோட வர்ற உபுண்டு) 24.04ல இருக்கறது பிளாஸ்மா 5.27, அதுவும் நல்லா ஓடும், ஆனா வேலண்ட் (விண்டோவை ஸ்கிரீன்ல காட்டற புது முறை, பழசு எக்ஸ்11) பிளாஸ்மா 6லதான் பக்குவமாச்சு.

இன்ஸ்டாலர்ல ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு கேக்கும், அதைக் காலியா விட்டுட்டு தாண்டிப் போங்க, அப்பதான் உங்க யூசருக்கு சூடோ (அட்மின் வேலை செய்யற உரிமை) தானா கிடைக்கும். நிறைய பேர் அங்க ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்துட்டு அப்புறம் சூடோ வேலை செய்யலன்னு வந்து நிக்கறாங்க. வைஃபை ஃபர்ம்வேர் தனியா தேட வேண்டிய காலம் போச்சு, டெபியன் 12ல இருந்தே இன்ஸ்டாலர்ல வந்துடுது. டைம்ஷிஃப்ட் டெபியன்லயும் இருக்கு, இன்ஸ்டால் முடிஞ்ச கையோட போடுங்க.

புதுத்தடம்:
எல்லாத்தையும் லைவ்ல ஓட்டிப் பாத்துட்டு டெபியன் 13 கேடிஇ போட்டுட்டேன். சின்னமன் நல்லா இருந்துச்சு, ரொம்ப பழக்கமான உணர்வு, ஆனா கேரன்னரும் விண்டோ ரூலும் என்னை இழுத்துடுச்சு. பேனல் இடது பக்கம் 46 பிக்சல்ல நிக்குது, மெட்டா 1 பிரவுசர், மெட்டா 2 எடிட்டர், மெட்டா 3 டெர்மினல், கை மவுஸுக்கே போகல, சந்தோஷமா இருக்கு.

ரெண்டு சந்தேகம் பாக்கி. எழுத்து சின்னதா இருக்குன்னு ஸ்கேலிங் 125 வச்சேன், பெரும்பாலானது கூர்மையா இருக்கு, ஒண்ணு ரெண்டு அப்ளிகேஷன் மட்டும் மங்கலா தெரியுது. இன்னொண்ணு, தமிழ் டைப் பண்ண என்ன வழி?

பிளாஸ்மாபிரியை:
மங்கலா தெரியறது வேலண்ட்ல நேரா ஓடாம எக்ஸ்வேலண்ட் (பழைய எக்ஸ்11 அப்ளிகேஷனை வேலண்ட்ல ஓட்டற பாலம்) வழியா ஓடற அப்ளிகேஷன். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்லயே பழைய எக்ஸ்11 அப்ளிகேஷனுக்குன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல ஸ்கேலிங்கை அப்ளிகேஷனே பாத்துக்கட்டும்னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க, சிஸ்டம் இழுத்துப் பெருசாக்காது, கூர்மையாயிடும். அதுக்கப்புறமும் ஒண்ணு மட்டும் குட்டியா தெரிஞ்சா அந்த அப்ளிகேஷனோட செட்டிங்ஸ்ல போய் அதோட சைஸை ஏத்திக்கோங்க.

தமிழுக்கு, தமிழ்99 லேஅவுட் மட்டும் போதும்னா கீபோர்டு செட்டிங்ஸ்ல லேஅவுட் சேக்கற இடத்துலயே தமிழ்நெட் 99ன்னு இருக்கும், சேத்துட்டு மாத்தற ஷார்ட்கட்டை வச்சுக்கோங்க. ஆங்கில எழுத்துல ஒலி வச்சு அடிக்கறவர்னா ஃபிசிட்எக்ஸ் 5ங்கற டைப்பிங் டூலையும் அதோட எம்17என் பேக்கேஜையும் போட்டுட்டு, சிஸ்டம் செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் கீபோர்டுங்கற இடத்துல ஃபிசிட்எக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுக்கணும், வேலண்ட்ல அந்தப் படியை விட்டுட்டா சில அப்ளிகேஷன்ல தமிழ் வரவே வராது.

டெபியன்வேர்:
டிஸ்கவர்ல (பிளாஸ்மாவோட ஆப் ஸ்டோர்) ஃபிளாட்பேக் வேணும்னா அதுக்கான பேக்எண்ட் பேக்கேஜையும், ஃபிளாட்பேக் கிடைக்கற ஃப்ளாட்ஹப்பையும் நீங்களே சேக்கணும், டெபியன்ல தானா வராது. பேனல் திருப்தியா அமைஞ்சதும் ஹோம்ல இருக்கற கான்ஃபிக் ஃபோல்டரை வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வைங்க, டைம்ஷிஃப்ட் வழக்கமா ஹோமைச் சேத்து எடுக்காது.

புதுத்தடம்:
எக்ஸ்11 ஆப்ஷனை மாத்தினதும் மங்கல் போயிடுச்சு. தமிழ்நெட் 99தான் எனக்குப் பழக்கம், சேத்துட்டேன், இந்தப் பதிவே அதுலதான் அடிக்கறேன். கான்ஃபிக் காப்பி இன்னிக்கு ராத்திரியே எடுத்துடறேன். அடுத்து டெர்மினலுக்கு டைட்டில் பார் இல்லாத ரூல் எழுதணும், அப்படி எடுத்துட்டா அந்த விண்டோவை எப்படி நகத்தறது?

பிளாஸ்மாபிரியை:
மெட்டா கீயை அழுத்திக்கிட்டு விண்டோக்குள்ள எங்க வேணா பிடிச்சு இழுங்க. மெட்டாவோட ரைட் கிளிக் பிடிச்சு இழுத்தா சைஸ் மாறும்.